ஹீட் பம்பைக் குறை சொல்லும் முன் குழாயைப் பாருங்கள்

மலைநாட்டில் ஹாட்வெயார் கடை நடத்தும் வாசகர் ஒருவர் எம்மைத் தேடி வந்திருந்தார். பண்டாரவளைப் பக்கமாக உள்ள ஒரு விருந்தினர் விடுதிக்கு, நீச்சல் தடாகத்து நீரைச் சூடாக்கும் ஹீட் பம்ப் ஒன்றை அவர் விற்றிருக்கிறார். பாதிப் பணம் முற்பணமாக, மீதி வேலை முடிந்த பின் என்பது பேச்சு. வேலை முடிந்து ஆறு வாரமாகியும் மீதி வரவில்லை. விடுதிச் சொந்தக்காரரான ஹாஜியார் தொலைபேசியில் சொன்ன பதில் இதுதான்: "மகன், மெஷின் காலையில இருந்து பின்னேரம் வரைக்கும் ஓடுது. கரண்ட் பில் ஏறுது. தண்ணி மட்டும் ஐஸ் மாதிரித்தான் ஈக்கிது. மெஷினக் கழட்டிக்கொண்டு போங்க, இல்லாட்டி தண்ணியச் சூடாக்கித் தாங்க. அதுக்குப் பொறகு காசப் பத்திப் பேசலாம்."

ஹாஜியாரின் கோபத்தில் நியாயம் இருந்தது. கடைக்காரரும் பழுதான பொருளை விற்கவில்லை. நாம் அவரோடு போய்ப் பார்த்தபோது இயந்திரம் சரியாகவே இயங்கிக்கொண்டிருந்தது. கோளாறு முழுவதும் குழாயிலும், நீர் சுற்றிவரும் விதத்திலும், தடாகத்தின் மேற்பரப்பிலும் இருந்தது. மலைநாட்டுச் சுற்றுலாத் துறையை நம்பிப் பம்பி, குழாய், வடிகட்டி வியாபாரம் செய்வோருக்கு இப்படியான பிணக்குகள் புதியவையல்ல. எனவே இவ்வாரம் இதையே பாடமாக எடுத்துக்கொள்வோம்.

ஒரு விடயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கொழும்பிலோ காலியிலோ அறுகம்பையிலோ திறந்தவெளித் தடாகத்துக்கு ஹீட்டர் விற்க முயல வேண்டாம். அங்கே வெயிலே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. தேவை இருப்பது கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலும், அதைவிடத் தாழ்வான பண்டாரவளை, ஹப்புத்தளை, எல்ல போன்ற இடங்களிலுமே. நுவரெலியாவில் ஆண்டுச் சராசரி வெப்பநிலை சுமார் 16 பாகை செல்சியஸ்தான். ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் புல்லின் மேல் உறைபனி படிவதும் உண்டு. அத்தகைய இடத்தில் குளிக்கக்கூடிய தடாகம் இருந்தால் அறை வாடகையைக் கூட்டிக் கேட்கலாம். சூடாகாத தடாகம் விளம்பரப் படத்துக்கு மட்டுமே உதவும்.

கணக்கிலிருந்து தொடங்குவோம்

ஹாஜியாரின் தடாகம் 10 மீற்றர் நீளம், 5 மீற்றர் அகலம், சராசரி 1.4 மீற்றர் ஆழம். பெருக்கினால் 70 கன மீற்றர், அதாவது 70,000 லீற்றர். ஒரு கன மீற்றர் நீரை ஒரு பாகை சூடாக்க 1.16 யுனிட் வெப்பம் தேவை. மின்சாரப் பட்டியலில் வரும் அதே யுனிட்டாலேயே வெப்பத்தையும் அளக்கலாம் என்பதால் கணக்கு இலகு. ஆகவே இந்தத் தடாகத்தை ஒரு பாகை உயர்த்த ஏறக்குறைய 81 யுனிட். 19 பாகையில் நிரப்பிய நீரை 28 பாகைக்குக் கொண்டுவர 730 யுனிட்டுக்கு மேல் வேண்டும். இது முதற்தடவைச் செலவு மட்டும். நாளாந்தம் இழக்கும் வெப்பம் வேறு.

இனி இயந்திரத்தைப் பார்ப்போம். ஹீட் பம்ப் என்பது ஏசியைப் புரட்டி வைத்ததுபோல. வெளிக் காற்றிலுள்ள வெப்பத்தை உறிஞ்சி நீருக்குக் கொடுக்கிறது. மின்சாரம் நேரடியாக நீரைச் சூடாக்குவதில்லை. வெப்பத்தை இடம் மாற்றவே செலவாகிறது. அதனால் ஒரு யுனிட் மின்சாரத்துக்கு நான்கு, ஐந்து யுனிட் வெப்பம்கூடக் கிடைக்கும். சாதாரண மின்சுருள் ஹீட்டரில் ஒன்றுக்கு ஒன்றுதான். 2022 ஆகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின்கட்டணம் ஏறிய வேகத்தைப் பார்த்தவர்கள், தடாகத்துக்கு மின்சுருள் ஹீட்டரைப் பற்றி யோசிக்கவே மாட்டார்கள்.

ஆனால் இங்கேதான் வியாபாரிகள் பலர் சறுக்குகிறார்கள். ஹாஜியாரின் இயந்திரத்தின் தகட்டில் 18 கிலோவொட் என்று பொறிக்கப்பட்டிருந்தது. அந்த எண் பெரும்பாலும் 27 பாகை வெப்பமும் 80 வீத ஈரப்பதமும் உள்ள காற்றில் அளக்கப்பட்டது. குளிர்ந்த காற்றில் எடுப்பதற்கு வெப்பம் குறைவு. ஆகவே கொடுப்பதும் குறைவு. நல்ல உற்பத்தியாளர்களின் விபரத்தாளில் 15 பாகை காற்றுக்கான எண்ணும் இன்னொரு வரியில் இருக்கும். மலைநாட்டுக்கு விற்பவர் அந்த இரண்டாவது வரியைத்தான் வாடிக்கையாளருக்குக் காட்ட வேண்டும். பண்டாரவளையின் பகல் வெப்பத்தில் அந்த இயந்திரம் 14 கிலோவொட் தருவதாக எடுத்துக்கொண்டால், எட்டு மணித்தியாலத்தில் 112 யுனிட் வெப்பம். தடாகம் சுமார் 1.4 பாகை உயரும். பகல் வெயிலும் ஒரு பாகை அளவில் சேர்த்துத் தரும்.

நாம் வெப்பமானியை வைத்துப் பார்த்தோம். மாலை ஆறு மணிக்கு 26 பாகை. மறுநாள் காலை ஆறு மணிக்கு 23.5. ஒரே இரவில் இரண்டரைப் பாகை, அதாவது 200 யுனிட்டுக்கு மேற்பட்ட வெப்பம், பள்ளத்தாக்குக் காற்றோடு போய்விட்டது. பகலில் இயந்திரமும் வெயிலும் சேர்ந்து இரண்டரைப் பாகை ஏற்றும். இரவு இரண்டரைப் பாகையை இறக்கும். ஓட்டைப் பானையில் நீர் ஊற்றும் கதை. விருந்தினர் குளிக்க இறங்கும் காலை நேரத்தில் நீர் எப்போதும் 23.5இலேயே நிற்கும். "ஐஸ் மாதிரி" என்று ஹாஜியார் சொன்னது இதைத்தான்.

சூடு எங்கே போகிறது?

தடாகத்தின் அடியாலும் சுவராலும் போவதாகப் பலர் நினைக்கிறார்கள். அது சிறு பங்கு. பெரும் பங்கு ஆவியாதலாலேயே போகிறது. ஒரு லீற்றர் நீர் ஆவியாகும்போது சுமார் 0.68 யுனிட் வெப்பத்தைத் தன்னோடு கொண்டு போகிறது. 50 சதுர மீற்றர் பரப்பில் ஒரு மில்லிமீற்றர் நீர் குறைந்தால் 50 லீற்றர். அதனோடு போகும் வெப்பம் 34 யுனிட். 1.4 மீற்றர் சராசரி ஆழமுள்ள எந்தத் தடாகத்திலும் ஆவியாகும் ஒவ்வொரு மில்லிமீற்றருக்கும் ஏறக்குறைய 0.4 பாகை இறங்கும் என்று மனதில் வைத்துக்கொள்ளலாம். சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டுப் படுத்தால், இரவில் எவ்வளவு பணம் ஆவியாகிறது என்று காலையில் அளவுகோலாலேயே அளந்துவிடலாம். நீர் ஒழுகும் தடாகத்தில் இந்தக் கணக்கு சரிவராது என்பதையும் சொல்லி வைக்கிறோம்.

ஹாஜியாரின் தடாகத்துக்கு இன்னொரு வருத்தமும் இருந்தது. ஒரு பக்கச் சுவருக்கு மேலால் நீர் வழிந்து பள்ளத்தாக்குப் பக்கம் விழும் அமைப்பு அது. பார்க்க மிக அழகு. வழியும் நீர் கீழே ஒரு தொட்டியில் சேர்ந்து மறுபடி பம்பிக்குப் போகிறது. சூடான நீரை மெல்லிய படலமாக விரித்து, காற்றில் விழுத்தி, மீண்டும் சேர்ப்பது என்பது தொழிற்சாலைகளில் நீரைக் குளிர்விக்கக் கையாளும் முறையேயன்றி வேறல்ல. ஹாஜியார் ஒரு கையால் சூடாக்கி மறு கையால் குளிர்வித்துக்கொண்டிருந்தார். அதுவும் விருந்தினர் எல்லோரும் உறங்கும் நேரத்தில், இரவு முழுவதும்.

பரிகாரம் மலிவானது. இரவில் வழிந்தோடலை நிறுத்தும்படி வால்வை மாற்றி, தடாகத்தின் மேல் குமிழிகள் கொண்ட பிளாஸ்டிக் விரிப்பைப் போடுவது. விரிப்பு ஆவியாதலைப் பெருமளவு நிறுத்திவிடும். சூடாக்கும் செலவில் 50 முதல் 70 வீதம் வரை விரிப்பால் மீதமாகும் என்று அமெரிக்க எரிசக்தித் திணைக்களம் கூறுகிறது. எமது கணக்கில், ஓரிரவு இழப்பு இரண்டரைப் பாகையிலிருந்து ஒரு பாகைக்கு இறங்கினால் 120 யுனிட் வெப்பம் மீதம். ஹீட் பம்ப் அதை உண்டாக்க 30 யுனிட் மின்சாரம் வேண்டும். ஒரு யுனிட் 30 ரூபா என்று வைத்துக்கொண்டாலும் இரவொன்றுக்கு 900 ரூபா. வருடத்துக்கு மூன்று இலட்சத்துக்கு மேல். உங்கள் பட்டியலிலுள்ள விலையைப் போட்டு நீங்களே பெருக்கிப் பாருங்கள். ஹீட் பம்ப் விற்கும் கடைக்காரர் விரிப்பையும் சேர்த்தே விலை சொல்லாமல் விடுவது ஏன் என்பது எமக்கு இன்றும் விளங்காத விடயம். "விலை கூடுது, கஸ்டமர் ஓடிருவார்" என்ற பயம்தான் போலும்.

கையை வைத்துச் சூடு தேடுபவர்கள்

இனி நீர் சுழற்சிக்கு வருவோம். விடுதியின் பராமரிப்பாளர் தடாகத்துக்கு நீர் திரும்பி வரும் வாய்களில் கையை வைத்துப் பார்த்திருக்கிறார். சூடு தெரியவில்லை. நீர் இயந்திரத்துக்குள் மெதுவாகப் போனால் நன்றாகச் சூடாகும் என்று எண்ணி, வால்வைத் திருகி ஓட்டத்தைக் குறைத்திருக்கிறார். சமையலறைக் கேத்தலில் பழகிய புத்தி அது. தடாகத்தில் எதிர்மறையாக வேலை செய்யும்.

14 கிலோவொட் வெப்பம் மணித்தியாலத்துக்கு 10 கன மீற்றர் நீருக்குள் போனால் அந்த நீர் 1.2 பாகைதான் உயரும். ஓட்டத்தை 6 கன மீற்றராகக் குறைத்தால் 2 பாகை உயரும். கைக்குச் சற்று வெதுவெதுப்பாகத் தெரியலாம். ஆனால் தடாகத்துக்குப் போய்ச் சேரும் மொத்த வெப்பம் கூடுவதில்லை, குறையத்தான் செய்யும். காரணம், இயந்திரத்துக்குள் உள்ள நீர் எவ்வளவு குளிர்ச்சியோ அவ்வளவு சுலபமாக வெப்பம் அதற்குள் இறங்கும். நீர் தேங்கிச் சூடேறினால் கம்பிரசர் அதிக அழுத்தத்தில் திணறும், மின்சாரம் கூடுதலாக இழுக்கும், ஒரு கட்டத்தில் பாதுகாப்பு சுவிட்ச் நிறுத்திவிடும். பராமரிப்பாளர் வால்வை மேலும் திருகியதும் நடந்தது அதுவே. "மெஷின் அடிக்கடி நிக்கிது" என்ற இரண்டாவது முறைப்பாடும் கடைக்காரர் தலையில் விழுந்தது.

கூரையில் வைக்கும் கறுப்புச் சோலார் பாய்களுக்கும் இதே விதிதான். அவற்றுக்குள் நீர் வேகமாக ஓடி, சற்றே சூடாகித் திரும்ப வேண்டும். கொதிக்கக் கொதிக்க வரும் நீரைப் பார்த்து மகிழ்பவர், அந்தப் பாய் காற்றுக்கு இழக்கும் வெப்பத்தைப் பார்ப்பதில்லை.

சரியான ஓட்டம் எவ்வளவு? இயந்திரத்தின் கைநூலில் ஆகக் குறைந்ததும் ஆகக் கூடியதும் எழுதப்பட்டிருக்கும். பம்பி அதைவிடக் கூடுதலாகத் தள்ளினால் மிகுதியை விலக்கிவிட மூன்று வால்வுகள் கொண்ட மாற்றுவழி பொருத்த வேண்டும்: ஒன்று இயந்திரத்துக்குள் போகும் குழாயில், ஒன்று வெளிவரும் குழாயில், ஒன்று இரண்டுக்கும் நடுவில். இயந்திரத்தைத் திருத்தக் கழற்றும் நாளிலும் தடாகத்து வடிகட்டல் நிற்காமல் நடக்க இந்த அமைப்பு உதவும். ஹாஜியாரின் இடத்தில் நடு வால்வு முழுதாகத் திறந்திருந்தது. நீரின் பெரும்பகுதி இயந்திரத்தைத் தொடாமலே போய்க்கொண்டிருந்தது.

ஒன்றரை அங்குலமா, இரண்டு அங்குலமா?

70 கன மீற்றர் தடாகத்து நீர் முழுவதும் ஆறு மணித்தியாலத்தில் ஒரு முறை வடிகட்டியூடாகப் போய்வர வேண்டுமென்றால் மணித்தியாலத்துக்கு 11.7 கன மீற்றர், நிமிடத்துக்கு 195 லீற்றர் ஓட்டம் தேவை. குழாய் போட்ட ஒப்பந்தக்காரர் ஒன்றரை அங்குலக் குழாயைப் பாவித்திருந்தார், அதாவது எமது கடைகளில் 50 மில்லிமீற்றர் என்று விற்கப்படுவது. இந்த ஓட்டத்தில் அதற்குள் நீர் விநாடிக்கு 2 மீற்றர் வேகத்தில் ஓட வேண்டும். உறிஞ்சும் பக்கத்தில் 1.8 மீற்றரைத் தாண்டக் கூடாது என்பது துறையில் உள்ளவர்கள் பின்பற்றும் வழமை. இரண்டு அங்குலமான 63 மில்லிமீற்றர் குழாய் என்றால் வேகம் 1.3 மீற்றர் அளவுக்கு இறங்கிவிடும்.

வித்தியாசம் அரை அங்குலம்தானே என்று எண்ண வேண்டாம். 100 மீற்றர் நீளத்துக்கு 50 மில்லிமீற்றர் குழாயில் உராய்வால் போகும் அழுத்தம் ஏறக்குறைய 9 மீற்றர் உயரத்துக்குச் சமம். 63 மில்லிமீற்றரில் 3 மீற்றர்தான். மூன்றில் ஒன்று. அதோடு ஒவ்வொரு எல்போவும் பம்பியின் கணக்கில் இரண்டு மீற்றர் அளவு குழாய்க்குச் சமமான தடை. பம்பி அறையில் அழகுக்காக எல்லாவற்றையும் செங்கோணத்தில் மடித்திருந்தார் பாஸ். அவர் கைவேலை நேர்த்தியானதுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் பன்னிரண்டு எல்போக்கள் இருந்தன. 45 பாகைப் பெண்ட்களை வைத்துச் சாய்த்து எடுத்திருந்தால் பாதித் தடை போயிருக்கும். பம்பியின் உறிஞ்சும் வாய்க்கு மிக அருகில் எல்போ வரவே கூடாது. குழாய் விட்டத்தின் ஐந்து மடங்கு நீளமாவது நேராக விட வேண்டும்.

ஏறக்குறைய 60 மீற்றர் சமான நீளமுள்ள ஒரு தொகுதியில் பெரிய குழாய் போடுவதால் மீதமாகும் சக்தியைப் பம்பியின் திறனையும் சேர்த்துப் பார்த்தால் 230 வொட் அளவில் வரும். நாளுக்குப் பத்து மணித்தியாலம் ஓடினால் வருடத்துக்கு 840 யுனிட் போல. முன்சொன்ன 30 ரூபா கணக்கில் 25,000 ரூபா, வருடாவருடம். ஒரு நுணுக்கம் உண்டு. ஒரே வேகத்தில் ஓடும் பம்பியில் குழாயைப் பெரிதாக்கினால் மின்பட்டியல் தானாகக் குறையாது; ஓட்டம்தான் கூடும். ஓடும் நேரத்தைக் குறைத்தோ சிறிய பம்பிக்கு மாறியோதான் அந்த இலாபத்தை எடுக்க வேண்டும்.

வேகத்தை மாற்றக்கூடிய பம்பிகள் இப்போது சந்தையில் உண்டு. விலை கூடியவை. பம்பியின் வேகத்தைப் பாதியாக்கினால் ஓட்டமும் பாதியாகும், ஆனால் எடுக்கும் சக்தி கோட்பாட்டளவில் எட்டில் ஒன்றாகிவிடும். இரு மடங்கு நேரம் ஓடவிட்டாலும் மொத்தச் செலவு கால்வாசி. நடைமுறையில் அவ்வளவு முழுதாகக் கிடைக்காது என்றாலும் கணிசமானது. ஹீட் பம்ப் வேண்டும் ஆகக் குறைந்த ஓட்டத்துக்குக் கீழே வேகத்தை இறக்கிவிடாமல் பார்த்துக்கொள்வது பொருத்துபவரின் பொறுப்பு.

குழாய்க்கு வெப்பக் காப்புறை சுற்றுவதைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். சுற்றலாம், தவறில்லை. ஆனால் 30 பாகை நீர் ஓடும் 20 மீற்றர் வெறுங்குழாய், 15 பாகை காற்றில், எட்டு மணித்தியாலத்தில் இழப்பது நான்கு யுனிட் அளவுதான். மூடாத தடாகம் ஓரிரவில் இழந்தது 200. விரிப்பு வாங்காதவரிடம் காப்புறை விற்பது நேர்மையான வியாபாரம் ஆகாது.

நீர் போகும் வாயும் வரும் வாயும்

சூடான நீர் மேலே மிதக்கும், குளிர்ந்த நீர் கீழே தங்கும். திரும்பி வரும் வாய்களை நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே வைத்து நேராகப் பாய விட்டால், பணம் கொடுத்துச் சூடாக்கிய நீர் மேற்பரப்பிலேயே படர்ந்து ஆவியாகும். அடியில் நிற்பவரின் கால் விறைக்கும். வாய்களைச் சுவரில் தாழ்வாக வைப்பது நல்லது. கட்டி முடித்த தடாகமாக இருந்தால் வாயிலுள்ள உருண்டை முனையைக் கீழ்நோக்கித் திருப்பினாலே போதும். ஐந்து நிமிட வேலை. ஹாஜியாரின் தடாகத்தில் திரும்பும் வாய் ஒன்று, மேற்பரப்பு நீரை இழுக்கும் ஸ்கிமருக்கு ஒரு மீற்றர் அருகில் இருந்தது. சூடாகி வந்த நீர் தடாகத்தைச் சுற்றாமல் அப்படியே மறுபடி உள்ளே போய்க்கொண்டிருந்தது. மறுகோடியில் இருந்த படிக்கட்டுப் பக்கம் எப்போதும் குளிராகவே இருந்ததற்குக் காரணம் அதுவே.

சூடாக்கும் நேரத்தில் அடித்துளையிலிருந்து கூடுதலாக இழுத்தால் அடியிலுள்ள குளிர்ந்த நீர் இயந்திரத்துக்குப் போகும். கலவையும் நன்றாக நடக்கும். இதில் ஒரு பெரிய எச்சரிக்கை உண்டு. 2002இல் அமெரிக்காவில் வேர்ஜினியா கிரேம் பேக்கர் என்ற 7 வயதுச் சிறுமி சுடுநீர்த் தொட்டியொன்றின் அடித்துளை உறிஞ்சலில் அகப்பட்டு மூழ்கி இறந்தாள். முன்னாள் இராஜாங்கச் செயலாளர் ஜேம்ஸ் பேக்கரின் பேத்தி அவள். 2007 டிசம்பரில் அவளது பெயரிலேயே அங்கே சட்டம் வந்தது. பொதுத் தடாகங்களின் அடித்துளைகளுக்குப் பாதுகாப்பான மூடி கட்டாயமானது. ஒரே அடித்துளையில் பம்பி முழு வலுவோடு இழுத்தால் ஒரு பிள்ளையின் முடியோ உடலோ அதில் ஒட்டிக்கொள்ள நேரிடும். வளர்ந்தவராலும் பிரித்தெடுக்க முடியாது. ஒரு மீற்றர் அளவு இடைவெளியில் இரண்டு துளைகளாவது ஒரே குழாயில் இணைந்திருக்க வேண்டும், குவிந்த மூடி போட்டிருக்க வேண்டும், உடைந்த மூடியோடு பம்பியை ஒரு நிமிடமும் ஓட்டக் கூடாது. தட்டையான மலிவு மூடியை இனியும் கடையில் வைத்திருப்பவர்கள் அதை விற்காமல் ஒதுக்கிவிடுவது நல்லது.

இயந்திரம் இருக்க வேண்டிய இடத்தையும் சுருக்கமாகச் சொல்வோம். பம்பி, அடுத்து வடிகட்டி, அதன் பின் ஹீட்டர், கடைசியாகக் குளோரின் கலக்கும் கருவி. இந்த வரிசை மாறக் கூடாது. ஹீட்டருக்கும் குளோரின் கருவிக்கும் இடையே ஒருவழி வால்வு வேண்டும். பம்பி நின்றதும் செறிவான குளோரின் நீர் பின்னோக்கி ஊர்ந்து இயந்திரத்தின் உட்குழாயைத் தின்றுவிடும். ஸ்கிமர் கூடைக்குள் குளோரின் மாத்திரை போடும் பழக்கமும் இதே கேட்டைச் செய்யும். செம்பு உட்குழாயுள்ள மலிவு இயந்திரங்களில் நீரின் அமிலத்தன்மை கூடினால் தடாகத்துச் சுவரில் பச்சைக் கறை படியும்; டைட்டேனியம் உட்குழாய் தாக்குப்பிடிக்கும். கேஸ் அல்லது டீசல் ஹீட்டர் பொருத்துபவர்கள், ஹீட்டரிலிருந்து வெளிவரும் முதல் மீற்றருக்குச் சாதாரண பிவிசி போடக் கூடாது. சூடு ஏற ஏற அது தாங்கும் அழுத்தம் இறங்கும். 60 பாகையில் இளகிவிடும்.

மணல் வடிகட்டியின் அழுத்தமானியையும் கவனிக்க வேண்டும். சுத்தமாக இருந்தபோது காட்டியதைவிட 8 அல்லது 10 பிஎஸ்ஐ ஏறினால் பின்னோக்கிக் கழுவ வேண்டும். அழுக்கு வடிகட்டி ஓட்டத்தைக் குறைக்கும், ஓட்டம் குறைந்தால் ஹீட் பம்ப் நிற்கும். ஆனால் ஐந்து நிமிடக் கழுவலில் 1,000 லீற்றர் அளவு சூடான நீர் வெளியே போகிறது. அதற்குப் பதிலாக வரும் ஊற்று நீர் 12 பாகை குளிர்ச்சி என்றால் 14 யுனிட் வெப்பம் நட்டம். தேவைக்குக் கழுவுங்கள், பழக்கத்துக்குக் கழுவாதீர்கள்.

எந்த நேரம் ஓட்டுவது?

மலைநாட்டில் ஹீட் பம்புக்கு நல்ல நேரம் காலை பத்து முதல் மாலை நான்கு, ஐந்து வரை. காற்று சூடாக இருக்கும்போதே அது சிக்கனமாக உழைக்கும். இரவு 10.30க்குப் பின் கட்டணம் குறைவு என்று சிலர் இரவில் ஓட்டுகிறார்கள். நேர அடிப்படைக் கட்டணம் உள்ளவர்களுக்கு அந்த யுனிட் மலிவுதான், ஆனால் குளிர் காற்றில் ஒரு யுனிட்டுக்குக் கிடைக்கும் வெப்பமும் குறைவு. இரண்டையும் எழுதிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையான உச்ச நேரத்தில் ஓட்டக் கூடாது என்பதில் மட்டும் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

சோலார் பாய்களைப் பற்றி: தடாகப் பரப்பின் பாதி முதல் முழு அளவு வரை கூரையில் இடம் வேண்டும். எரிபொருள் செலவில்லை, பம்பியின் சக்தி மட்டுமே. ஆனால் நுவரெலியாப் பக்கம் தென்மேல் பருவக்காற்று மாதங்களில் மேகமும் மூடுபனியும் நாட்கணக்கில் நிற்கும். அங்கே சோலாரைத் துணையாக வைத்துக்கொள்ளலாம், தனியாக நம்ப முடியாது.

ஹாஜியாரின் விடயத்துக்கு வருவோம். கடைக்காரர் தன் ஆட்களோடு ஒரு நாள் போனார். பம்பி அறையிலிருந்த எல்போக்களில் எட்டைக் கழற்றி 45 பாகைப் பெண்ட்கள் போட்டார். பம்பி அறைக்குள் இருந்த உறிஞ்சும் குழாயை 63 மில்லிமீற்றருக்கு மாற்றினார். நிலத்துக்குள் புதைந்ததை உடைக்க ஹாஜியார் சம்மதிக்கவில்லை, அது அப்படியே கிடக்கிறது. நடு வால்வை மூடித் தேவையான அளவுக்கு மட்டும் திறந்தார். உருண்டை முனைகளைக் கீழே திருப்பினார். ஸ்கிமருக்கு அருகிலிருந்த வாயை அடைத்தார். இரவில் வழிந்தோடலை நிறுத்தினார். விரிப்பை இனாமாகக் கொடுக்கவில்லை, கொள்விலைக்குக் கொடுத்தார். நான்காம் நாள் மாலை நீர் 28 பாகையைத் தொட்டது. மறுநாள் காலையில் 27.

மீதிப் பணம் வந்தது. பெண்ட்களுக்கும் கூலிக்கும் ஆன செலவை யார் ஏற்பது என்பதில் இருவருக்கும் பேச்சு நடந்து, கடைசியில் கடைக்காரரே பாதியை ஏற்றுக்கொண்டார். விலைமனுவில் அவர் எழுதியிருந்தது "18 கிலோவொட் ஹீட் பம்ப், பொருத்திக் கொடுக்கப்படும்" என்ற ஒரே வரி. எத்தனை பாகைக்கு, எந்தக் காற்று வெப்பத்தில், எத்தனை நாளில், விரிப்போடா விரிப்பில்லாமலா, இருக்கும் குழாய் எத்தனை அங்குலம், ஓட்டம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதெல்லாம் எழுதப்படவில்லை. அடுத்த விலைமனுவை அவர் இரண்டு பக்கத்துக்கு எழுதி எமக்குக் காட்டினார். அதன் முதல் வரியே, தடாகத்துக்கு விரிப்பு இல்லாவிட்டால் இந்த விலைமனு செல்லாது என்பதாகும்.